பாட்டுக்கு என்ன நிறம்? கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் 20 வருடமாக ஒரு சின்ன டிசைன் கடை வைத்திருக்கிறேன். சபா அழைப்பிதழ், கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரிக்கு ஃப்ளெக்ஸ், கல்லூரிப் பசங்களின் பேண்டுக்கு டீஷர்ட், கானா நிகழ்ச்சிக்குப் போஸ்டர் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் தயாராகும். சுவரில் அப்பா சேர்த்த கேசட் அட்டைகளும் நான் சேர்த்த எல்பி உறைகளும் மாட்டியிருக்கின்றன. ப்ரூஃப் வரும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன்.

"பாட்டு காதுக்கு, படம் கண்ணுக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

தமிழையே கேட்டுப் பாருங்கள். வண்ணம் என்றால் நிறம். செய்யுளின் ஓசை நடைக்கும் வண்ணம் என்றுதான் பெயர். தொல்காப்பியம் செய்யுளியலில் 20 வண்ணங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்றுகூடச் சிவப்போ பச்சையோ இல்லை, எல்லாம் ஓசை. ராகம் என்ற சொல்லும் சாயமேற்றுவது என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். "இந்தப் பாட்டுல லேசா மோகனச் சாயல் அடிக்குது" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சாயல் கண்ணுக்கு உரிய சொல்லா, காதுக்கு உரிய சொல்லா?

சொல்லில் இருக்கும் உறவு அது. தெருவில் இருக்கும் உறவு வேறு. பாட்டு கடைக்கு விற்பனைக்கு வந்த நாளிலிருந்து அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கேட்டுப் பார்த்து வாங்க எல்லோராலும் முடியாது, பார்த்து வாங்கலாம். நான் பெரும்பாலும் பேசப்போவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

"எனக்கு ராகமும் தெரியாது, ஓவியமும் தெரியாது. நானெல்லாம் இதைக் கவனிக்க முடியுமா?"

ஏற்கெனவே கவனித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எங்கள் கடைக்கு எதிரே டீக்கடைச் சுவரில் போன மாசம் மூன்று போஸ்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். முதலாவதில் மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதற்குப் பின்னால் கறுப்பு நிழல், கீழே மைக் பிடித்த ஏழெட்டுப் பேர் வட்ட வட்டமாக. இரண்டாவதில் சந்தன நிறத் தாள், அரக்குக் கரை, மூலையில் ஒரு வீணை, நடுவில் நிறைய இடம் காலி. மூன்றாவது முழுக்கக் கறுப்பு, அதில் முள்வேலி போல ஏதோ எழுத்து.

மூக்குக் கண்ணாடி போடாமல் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "அது ஆர்க்கெஸ்ட்ரா, இது பாட்டுக் கச்சேரி, அது என்னமோ காட்டுக்கத்தல்." ஒரு எழுத்தையும் அவர் படிக்கவில்லை. மூன்றும் சரி. மூன்றாவது மட்டும் மெட்டல் இசை, காட்டுக்கத்தல் என்பது அவர் கருத்து.

"இந்த நாய்ப் படம் எங்க தாத்தா வீட்டுலயும் இருந்துச்சு. அது எந்த நாய்?"

எச்.எம்.வி. இசைத்தட்டில் இருக்கும் நாய். பெயர் நிப்பர். இங்கிலாந்தில் பிரிஸ்டலில் வளர்ந்தது. 1895-இல் செத்துப்போனது. அதை வளர்த்தவரின் தம்பி பிரான்சிஸ் பாரோ ஓவியர். நாய் ஒலிக்கருவியின் முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல, அது செத்த பிறகு வரைந்தார். முதலில் வரைந்தது உருளையில் ஓடும் பழைய ஃபோனோகிராஃபை. கிராமபோன் கம்பெனி 1899-இல் அந்தக் கருவியை அழித்துவிட்டுத் தங்கள் தட்டுக் கருவியை வரையச் சொல்லி, ஓவியத்தையும் உரிமையையும் சேர்த்து 100 பவுண்டுக்கு வாங்கியது. அசல் ஓவியத்தைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் பழைய கருவியின் தடம் தெரியுமாம். நாய் உட்கார்ந்திருப்பது எஜமானின் சவப்பெட்டி மேல் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான்.

எல்லா வகைப் பாட்டுக்கும் அந்த ஒரே படம்தான் என்பதைக் கவனியுங்கள். பக்திப் பாட்டானாலும் நாடகப் பாட்டானாலும் தட்டின் நடுவில் அதே நாய். வகைக்கு ஒரு முகம் என்ற யோசனையே அப்போது பிறக்கவில்லை. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்த தட்டுகளில் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கே லேபிள் ஒட்டுபவருக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே.

"அப்போ அட்டையில படம் போடுற பழக்கத்தை யார் ஆரம்பிச்சது?"

அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்று நியூயார்க்காரர். 1939-இல் கொலம்பியா கம்பெனியில் சேரும்போது வயது 23 கூட நிரம்பவில்லை. அதுவரை ஒரு தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம்தான் கொள்ளும் என்பதால், பெரிய இசையைப் பல தட்டுகளாகப் பிரித்துப் போட்டோ ஆல்பம் மாதிரி ஒரு கனத்த அட்டைக்குள் கட்டி விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். வெளியே பழுப்புக் காகிதமும் பெயரும் மட்டும். கடைக்காரர்கள் அதைக் கல்லறைக் கல் என்று கிண்டலடித்தார்கள். ஸ்டைன்வைஸ் 1940-இல் அதன்மேல் போஸ்டர் போலப் படம் போட ஆரம்பித்தார்.

1948-இல் எல்பி வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் 12 அங்குலத் தட்டு. அதற்கேற்ற சதுர உறை. நடுவீட்டில் மாட்டினால் ஒரு சின்ன ஓவியத்துக்குச் சமம். இத்தனை வகை இசைக்கு இத்தனை வகை முகம் கிடைத்ததற்கு அந்தச் சதுரத்தின் அளவு முக்கியக் காரணம் என்பேன்.

"ஜாஸ் உறை எல்லாம் ஏன் நீலமா, ஒரே ஜாடையா இருக்கு?"

நீலம் மட்டும் இல்லை, சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும் உண்டு. எங்கள் சுவரில் மாட்டியிருப்பதில் நீலம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஜாடை என்பது சரி. அது ப்ளூ நோட் கம்பெனியின் ஜாடை. ஆல்ஃபிரட் லயன் 1939-இல் நியூயார்க்கில் தொடங்கியது. அவருடைய நண்பர் பிரான்சிஸ் உல்ஃப் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பார். 1950-களின் நடுவிலிருந்து ரீட் மைல்ஸ் என்ற வடிவமைப்பாளர் அந்தப் படத்தை வெட்டி, ஒரு நிறத்தில் முக்கி, எழுத்தை ஒரு பக்கமாகத் தள்ளி நூற்றுக்கணக்கான உறைகள் செய்தார்.

அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு இது உடனே புரியும். இது ரெண்டு கலர் வேலை. கறுப்பு ஒரு ப்ளேட், இன்னொரு நிறம் ஒரு ப்ளேட். சின்னக் கம்பெனி, கையில் பணம் கம்மி, நாலு கலருக்குப் போக முடியாது. அந்தச் சிக்கனம்தான் இன்றைக்கு ஜாஸின் முகம். நகரத்துக் காபிக் கடைகளில் ஜாஸ் மாலை என்று அறிவிப்பு வைத்தால் இன்றும் அதே நீலம், அதே ஒதுங்கிய எழுத்து. இன்னொரு வேடிக்கை, மைல்ஸுக்கு ஜாஸ் மேல் பெரிய ஆசை கிடையாது. அவர் விரும்பிக் கேட்டது மேற்கத்தியச் செவ்வியல் இசை.

"இந்தப் பாட்டுக்காரர் மூஞ்சிய பெருமாள் படத்துல ஒட்டியிருக்காங்களே, அது என்ன சார்?"

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1967 ஆல்பம். நம் ஊர்க் காலண்டரில் வரும் விஸ்வரூப தரிசனப் படம் ஒன்றை எடுத்து, நடுவில் ஹென்ட்ரிக்ஸ் முகத்தையும் கூட இருந்த இருவர் முகத்தையும் வைத்து வரைந்தார்கள். கீதையில் அர்ஜுனன் பார்த்து நடுங்கிய காட்சி லண்டனில் கித்தார்க்காரருக்கு அட்டையானது. ஹென்ட்ரிக்ஸுக்கே இது ஒட்டவில்லை. அவருடைய முன்னோரில் அமெரிக்கப் பூர்வகுடியினர் உண்டு. அந்த "இந்தியன்" வந்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்று சொன்னார்.

அந்தக் காலத்து ராக் உலகத்துக்கு நம் சாமி படங்களின் நெருக்கமும் பளீர் நிறங்களும் போதை போல இருந்தன. எங்கள் பாட்டிக்கு அதே படம் பூஜை அறை. அதே வருஷம் பீட்டில்ஸ் குழுவின் பெரிய ஆல்பத்தின் அட்டைக்கு பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவொர்த்தும் ஒரு கூட்டத்தையே நிறுத்தினார்கள். அதில் காந்தியும் இருந்தார். இந்தியாவில் தட்டு விற்காமல் போய்விடும் என்று கம்பெனி பயந்து அவரை எடுத்துவிட்டது.

"மலை மலையா கோடு போட்ட கறுப்பு டீஷர்ட் நிறைய பேர் போடுறாங்க. அது என்ன மலை?"

மலை இல்லை, நட்சத்திரம். இதை நாளுக்கு ஒருவராவது கேட்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானத்திலிருந்து ஒரு சீரான ரேடியோத் துடிப்பு வருவதைக் கண்டுபிடித்தார். பல்சார் எனப்படும் துடிக்கும் நட்சத்திரங்களில் முதலில் தெரியவந்தது அதுதான். ஏறத்தாழ 1.34 நொடிக்கு ஒரு துடிப்பு. தாளம் தப்பாத மிருதங்கக்காரர் மாதிரி. ஹெரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் அந்தத் துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கம்ப்யூட்டரில் வரைந்து, 1970-இல் தன் ஆய்வேட்டில் சேர்த்தார். அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்திலும் அச்சானது.

மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன் என்ற குழுவினர் அந்தப் புத்தகத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, 1979-இல் தங்கள் முதல் ஆல்பத்துக்கு வேண்டும் என்றார்கள். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்ததை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார். உறையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை.

ஒரு பையன் இந்த டிசைனை ப்ரிண்ட் போட வந்தபோது பாட்டைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "அண்ணே, பாட்டு வேண்டாம், டிசைன் போதும்" என்றான். படம் பாட்டைவிட்டுக் கழன்று தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டது.

"மெட்டல் பேண்டுக்காரங்க எழுத்து ஏன் படிக்கவே முடியல?"

படிப்பதற்காக எழுதினது இல்லை, அடையாளம் கண்டுகொள்வதற்காக எழுதினது. பெயரின் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஒத்து வரும், எழுத்திலிருந்து வேர் வேராக இறங்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஸ்பைடெல் இந்த வேலையில் பெரிய கை. அவருடைய எழுத்தைப் பார்த்தால் காட்டு மரத்தின் வேர்கள்தான் கண்ணில் படும். ரசிகனுக்குப் பெயர் தெரியும், அவன் படிக்கத் தேவையில்லை. தெரியாதவன் படிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. டீக்கடைப் பெரியவரை அந்தப் போஸ்டர் தள்ளி நிற்கச் சொன்னது, அவரும் தள்ளி நின்றார். டிசைன் என்ற முறையில் அது வெற்றிதான்.

"ரெக்கே பாட்டுக்கு எப்பவும் சிவப்பு, மஞ்சள், பச்சைதானா?"

ஆமாம். அது எத்தியோப்பியக் கொடியின் நிறங்கள். ஜமைக்காவின் ராஸ்தஃபாரி மக்களுக்கு எத்தியோப்பியா புண்ணிய பூமி. இங்கே நிறம் முதலில் வந்தது நம்பிக்கையிலிருந்து. எங்கள் கல்லூரிப் பசங்களுக்கு அது தொப்பியும் கைப்பட்டையும்.

"ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு படம் உண்டாமே?"

வடக்கே உண்டு. ராகமாலா ஓவியம் என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 19 வரை ராஜஸ்தான், தக்காணம், இமயமலை அடிவார அரசவைகளில் வரைந்தார்கள். பொதுவாக 6 ராகம், ஒவ்வொன்றுக்கும் 5 ராகினி, மொத்தம் 36 படம் ஒரு கட்டு. தோடி ராகினி என்றால் காட்டில் வீணையோடு நிற்கும் பெண், சுற்றி மான்கள். மேகம் என்றால் கருமுகில். தீபகம் என்றால் தீச்சுடர்.

பார்க்க அழகு. ஆனால் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஓவியர் வரைந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ராகத்தை ஆளாக வருணிக்கும் செய்யுள்கள் இருந்தன, அதை வைத்து வரைந்தார்கள். படத்தைப் பார்த்து ராகத்தின் ஸ்வரங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

"அப்போ நம்ம கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும் ஏன் அப்படி இல்ல?"

தெற்கே ராகத்தை வகைப்படுத்திய விதம் வேறு. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரசவையிலிருந்த வேங்கடமகி, ஸ்வரங்களின் சேர்க்கையைக் கணக்குப் போட்டு 72 மேளம் என்று அட்டவணை கட்டினார். கணவன், மனைவி, மான் என்ற குடும்பம் அதில் இல்லை. பெயரை நம்பிப் படத்தை இறக்குமதி செய்தாலும் ஆபத்து. நம் தோடி வேறு, அவர்கள் தோடி வேறு. நம் தோடியின் ஸ்வரங்கள் அவர்களுக்கு பைரவி. ஒரு ரசிகர் தன் வீட்டுக் கல்யாணக் கச்சேரி அழைப்பிதழில் தோடிக்கு மான் படம் போடச் சொன்னார். போட்டேன். பாட வந்த அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

ஆனால் ராகமாலாவுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தின ஒன்று தமிழில் இருக்கிறது. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையிலேயே பறையையும் யாழையும் வைக்கிறது. குறிஞ்சி என்றால் மலை, மயில், தொண்டகப் பறை, குறிஞ்சி யாழ். நெய்தல் என்றால் கடற்கரை, மீன்கோட்பறை, விளரி யாழ். நிலம் என்ற ஒரே படத்துக்குள் நிறமும் ஓசையும் சேர்ந்தே இருக்கின்றன. யாரும் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அவ்வளவுதான்.

"சபா அழைப்பிதழ் ஏன் எப்பவும் சந்தனக் கலர், அரக்குக் கரை? வேற பண்ணக் கூடாதா?"

பண்ணிப் பார்த்தேன். ஒரு மார்கழிக்கு, பெயர் வேண்டாம், ஒரு சபாவுக்குக் கறுப்புத் தரையில் ஒற்றைத் தம்பூராவின் நிழல் மட்டும் வைத்துக் கொடுத்தேன். எனக்கு அது இன்றும் பிடிக்கும். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, யாராவது தவறிட்டாங்களா?" மறுபடி சந்தனம், மறுபடி அரக்கு. கல்யாணப் பத்திரிகை, பட்டுப்புடவை, கோயில் அழைப்பு எல்லாம் சேர்ந்து உண்டாக்கின கூட்டு நிறம் அது. உள்ளே வருபவருக்கு மரியாதை உண்டு என்று அது சொல்கிறது. வெளியே நிற்பவருக்கு என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி.

இந்த உலகத்திலிருந்து தெருவுக்கு வந்த ஒரு நிறமும் உண்டு. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலப் புடவை. எம்.எஸ். ப்ளூ என்று இன்றும் ஜவுளிக் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அவர் பாட்டு ஒன்றைக்கூட முழுசாகக் கேட்காதவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். மேலே சொன்ன நட்சத்திர டீஷர்ட் கதைதான் இது, பட்டில்.

"சுவத்துல இந்தக் கையெழுத்துக் கேசட் அட்டைய ஏன் மாட்டி வெச்சிருக்கீங்க? இதுல ஓவியம் எங்க இருக்கு?"

80, 90-களில் பாட்டுப் பதியும் கடைகள் இருந்தது இளைஞர்களுக்குத் தெரியாது. நோட்டுத் தாளில் பிடித்த பாட்டுகளை எழுதி, டிடிகே 60 அல்லது 90 வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். கடையின் பெயர் அச்சிட்ட அட்டை, ஏ பக்கம், பி பக்கம் என்று கோடு போட்டிருக்கும். கடையில் வேலை செய்யும் பையன் மெல்லிய பேனாவில் பாட்டின் முதல் அடியைப் பொடிப்பொடியாக எழுதுவான். அட்டையின் முதுகு அரை அங்குலம்கூட இருக்காது. அதில் "சோக கீதங்கள்" என்று எழுதிக் கீழே ஒரு கண்ணீர்த் துளி.

அப்பா பதிந்த கடையில் காதல் பாட்டுக்குச் சிவப்பு ஸ்கெட்ச், சோகத்துக்கு நீலம், பக்திக்குப் பச்சையில் ஓம். அந்தப் பையன் தனக்குத் தெரியாமலே பாட்டு வகைகளுக்கு ஒரு நிற அட்டவணை வைத்திருந்தான். நீலம் என்றால் சோகம் என்று அவனுக்கு யார் சொன்னது? ஒருவேளை சிவப்புப் பேனா தீர்ந்துபோயிருக்கலாம். ரெண்டு கலர் வேலை என்று ஜாஸுக்குச் சொன்னேனே, அதேதான். நான் டிசைனர் ஆனதற்கு அந்த அட்டைகள்தான் காரணம் என்பதால் மாட்டியிருக்கிறேன்.

"கானா, ஹிப்ஹாப்புக்கெல்லாம் ஏன் சுவர்ல கிறுக்குன மாதிரி எழுத்து?"

ஹிப்ஹாப்புக்குக் காரணம் எளிது. அந்த இசையும் அந்தச் சுவர் எழுத்தும் ஒரே தெருவில் வளர்ந்தன. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட விருந்தைத்தான் தொடக்கம் என்பார்கள். ஏற்பாடு செய்தது அவர் தங்கை சிண்டி. பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். அழைப்பிதழை அட்டைத் துண்டுகளில் கையால் எழுதினார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. அச்சுக்குப் போகக் காசில்லாதவர்களின் எழுத்து அது.

கானாவின் கதை வேறு. வடசென்னையில் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் வளர்ந்த பாட்டு. அதற்குக் கிராஃபிட்டி எழுத்து பிற்பாடு ஒட்டினது, சினிமா வழியாக வந்தது என்பது என் எண்ணம். என்னிடம் கானா போஸ்டர் கேட்டு வருபவர்கள் "லோக்கலா, பீப்பாய், குப்பம், கிழிஞ்ச சுவர்" என்று ஆரம்பிப்பார்கள். பாடுகிறவர்களே வந்தால் பெரும்பாலும் கேட்பது வேறு: நல்ல சட்டையில் எடுத்த படம், கூலிங் கிளாஸ், பெயர் பெரிதாக. 2018-இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறியபோது கானாக்காரர்கள் கோட்டு சூட்டில் வந்தார்கள். அம்பேத்கர் ஞாபகம் வராமல் இருக்குமா? கிழிந்த சுவரை யார் கேட்கிறார்கள், கோட்டை யார் கேட்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

"சிலருக்குப் பாட்டு கேட்டா கண்ணுல நிறமே தெரியுமாமே, நிஜமா?"

நிஜம். ஒரு புலன் தொட்டால் இன்னொன்றும் விழிக்கும் மூளை அமைப்பு சிலருக்குப் பிறப்பிலேயே உண்டு. ஆனால் ஒருவருக்குத் தெரியும் நிறம் மற்றவருக்குத் தெரியாது. ரஷ்ய இசையமைப்பாளர்கள் ஸ்கிரியாபினும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் எந்தச் சுருதிக்கு எந்த நிறம் என்று பேசிப் பார்த்ததில் சிலவற்றில் ஒத்துப்போனார்கள், பலவற்றில் இல்லை. ஆகவே "மோகனத்துக்கு என்ன நிறம்?" என்று கேட்டு வருபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

நிறம் தெரிகிற மூளை இல்லாமலும் இசையை வரையலாம். 1911 ஜனவரியில் மியூனிக்கில் ஷோன்பெர்க்கின் கச்சேரிக்குப் போய் வந்த காண்டின்ஸ்கி உடனே ஒரு படம் வரைந்தார். பாதிப் படத்தை ஒரு மஞ்சள் வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. மேலே ஒரு கறுப்புத் திட்டு, அதுதான் பியானோ. அந்தப் படம் மியூனிக்கிலேயே இருக்கிறது.

"நீங்க சொல்றதப் பார்த்தா எல்லாம் மை, காகிதம், வியாபாரம்தான். உண்மையான தொடர்பு ஒண்ணுமே இல்லையா?"

இதுதான் கஷ்டமான கேள்வி. நிறத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். ஜாஸ் நீலமும் சபா அரக்கும் தற்செயலாகத் தொடங்கி, திரும்பத் திரும்பப் பார்த்ததில் இயல்பாகிவிட்டவை. ஆனால் பழக்கமானபின் அது பொய்யில்லை. ஒரே பாட்டைச் சந்தன அட்டையில் ஒருமுறையும் கறுப்பு அட்டையில் ஒருமுறையும் போட்டுக் காட்டினால் கேட்பவர் முகம் மாறுவதைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

வடிவத்தில் மட்டும் பழக்கத்துக்கு அடியில் ஏதோ இருக்கிறது. வளைவான ஒரு உருவம், முள் முள்ளான ஒரு உருவம். ஒன்றின் பெயர் பூபா, இன்னொன்று கிக்கி. எது எது? பெரும்பாலானவர்கள் வளைவைப் பூபா என்கிறார்கள். ஜெர்மன் உளவியலாளர் கோலர் 1929-இலேயே வேறு சொற்களை வைத்து இதை எழுதினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 2001-இல் ஹப்பர்டோடு சேர்ந்து இதை மறுபடி பேச்சாக்கினார். மெட்டல் எழுத்து முள்ளாகவும், தாலாட்டு சி.டி. அட்டையின் எழுத்து உருண்டையாகவும் இருப்பது வெறும் வழக்கம் இல்லைபோல.

அப்புறம் எண்ணிக்கை. அம்மா வாசலில் 7 புள்ளி, 4 வரை இடுக்குப் புள்ளி வைக்கும்போது வாய்க்குள் எண்ணுவார். 7, 6, 5, 4, பிறகு அந்தப் பக்கமும் 6, 5, 4. மிருதங்கம் கற்ற என் மாமா அதைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொண்ணாக் குறைச்சிட்டே போய் மறுபடி வருது பாரு, இது யதி" என்றார். தாளத்தில் சொற்கட்டு கூடும் குறையும் விதம்தான் யதி. குறைந்து கூடினால் டமரு யதி, கூடிக் குறைந்தால் மிருதங்க யதி என்று வாத்தியங்களின் உருவத்தை வைத்தே பெயர். நடுவரிசையிலிருந்து வைக்காமல் மேலிருந்து பார்த்தால் கோலம் 4, 5, 6, 7, 6, 5, 4. அது மிருதங்க யதியேதான். நியூயார்க்குக்கு வந்து பூகி-வூகி இசையில் மயங்கின மோண்ட்ரியன் 1942-43-இல் மஞ்சள், சிவப்பு, நீலச் சதுரங்களைத் தெருக்கள் போல ஓடவிட்டு வரைந்ததும் எண்ணிக்கைதான். வகை, நாடு, விலை எல்லாம் மாறினாலும் அடுக்குவதும் விடுவதும் திரும்ப வருவதும் காதுக்கும் கண்ணுக்கும் பொது.

"இப்போ எல்லாம் போன்லதானே பாட்டு. அட்டைக்கு இனிமே என்ன வேலை?"

12 அங்குலம் கேசட்டில் உள்ளங்கை அளவானது, சி.டி.யில் கொஞ்சம் பெரிதானது, போனில் கட்டைவிரல் நகம். சின்னக் குழுக்களுக்கு அட்டை செய்யும்போது நான் முதலில் படத்தை நக அளவுக்குச் சுருக்கித்தான் பார்ப்பேன். முகம் ஒன்று, நிறம் இரண்டு, எழுத்து மூன்று சொல்லுக்கு மேல் தாங்காது. பார்த்தீர்களா, மறுபடி ரெண்டு கலர் வேலைக்கே வந்துவிட்டோம்.

"பக்கத்துல எங்கயாவது போய்ப் பார்க்கலாமா?"

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சித்தன்னவாசலில் தாமரைக் குளம் ஓவியம். குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு. ஸ்வரங்கள் நான்கு நான்கு எழுத்தாகக் கொத்துக் கொத்தாக, கிரந்த எழுத்தில், வரிசை பிசகாமல். எனக்குப் படிக்கத் தெரியாது. மெட்டல் போஸ்டரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன், நெசவு மாதிரி இருந்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 செதுக்கி, மிச்சக் கல்லை வெறுமனே விட்டிருக்கிறார்கள். மேல்தளத்துக்கு எல்லோரையும் விடுவதில்லை.

"வீட்டுல பழைய எல்பி, கேசட் கிடக்கு. அட்டைய எப்படிக் காப்பாத்துறது?"

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். செய்தால் திரும்ப எடுக்க முடியாது, உள்ளே ஈரம் இருந்தால் பழுப்பேறும். எல்பியைப் படுக்கவைத்து அடுக்கினால் வளையும், புத்தகம் போல நிற்கவையுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், சிவப்புதான் முதலில் வெளுக்கும். கேசட் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஒருமுறை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிட்டு அதே மடிப்பில் திரும்ப வையுங்கள். கையெழுத்து அட்டையாக இருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் அப்பாவின் கேசட் ஒன்றின் பின்பக்கத்தில் கடைக்காரப் பையன் பென்சிலில் எழுதியிருந்தான்: "பி பக்கம் 3 நிமிஷம் மீதி, எனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போட்டிருக்கேன் சார்."